கார்னெட் ஊதாத எட்டுத் தட்டு

சான் இலாரியோ துறைமுகம்
3 பிப்ரவரி 1857

அன்புத் தம்பி எவாரிஸ்தோவுக்கு,

பள்ளியிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், நாளைலேர்ந்து யார்கிட்ட கேள்வி கேப்பீங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போதுதான் அது எவ்வளவு நல்ல கேள்வி என்று புரிந்தது. முப்பத்தொரு ஆண்டு கேட்டே பழகிய வாய். இனி உன்னைத்தான் கேட்கப் போகிறேன், பொறுத்துக்கொள்.

நான் நலம். கடல்மூட்டம் இறங்கும் மாதம் என்பதால் இடது முழங்கால் மட்டும் தனியாகப் பேசுகிறது. உன் மார்புச் சளி எப்படி இருக்கிறது? மேட்டுக் குளிரில் கம்பளித் துண்டு இல்லாமல் ஒத்திகைக்குப் போகாதே.

நேற்றைய கப்பலில் செய்தித்தாள் வந்தது. அறுபத்து மூன்று மெட்டுகளில் உன்னுடையதைத் தேசிய கீதமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாமே! மீன்காரி ஒருத்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உங்க தம்பியா டீச்சரம்மா? சின்ன வயசுல என் கூடைய உதைச்சுக் கொட்டினானே, அவனா? அப்ப நாட்டுக்குப் பாட்டு, எனக்கு மீனு, ரெண்டுமே அவன் கணக்குலதான்!" என்றாள்.

மெட்டு எப்படிப் போகும் என்று எழுது. என் வீட்டுக்காரர் அதில் ஊதுகிறாரா? அல்லது வழக்கம்போல உன் ராணுவ பேண்டின் இரண்டாம் கார்னெட் குழல்காரராக உட்கார்ந்து, மற்றவர் ஊதி முடிக்கும்வரை தாளம் எண்ணிக்கொண்டுதான் இருக்கப்போகிறாரா? அடுத்த ஆண்டு அக்டோபரில் அவருக்கு இருபத்தைந்து ஆண்டு சேவை முடிகிறது. அதற்குப் பிறகாவது நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடலாம்.

உன் கடிதம் வரும்வரை கதவுப் பக்கம் ஒரு காது வைத்திருக்கும்
அக்கா ஒத்தீலியா

*

தலைநகர், பேண்டு விடுதி
1 மார்ச் 1857

அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். சளி போய்விட்டது. முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவு, கற்பூரம் வேண்டாம்.

மெட்டைப் பற்றிக் கேட்டாய். நடுவர்களுக்குக் கொடுத்தது பாட்டு வரிகளுக்கான மெட்டு மட்டும். பேண்டுக்காக எழுதும்போது நடுவில் ஓர் இடம் சேர்த்தேன். இரண்டாம் அடி முடிந்ததும் பாடுகிறவர்கள் நிறுத்துவார்கள். டிரம் மட்டும் நடைபோடும். அதன்மேல் முதல் கார்னெட் தனியாகத் தாளத்தில் எட்டுத் தட்டு ஊதும். பிறகு எல்லோரும் சேர்ந்து மூன்றாம் அடி.

பத்தொன்பது வருடமாக அணிவகுப்புக்கும் சவ ஊர்வலத்துக்கும் அமைச்சர் வீட்டுக் கல்யாணத்துக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் திருத்த வேண்டியது ஏதாவது இருக்கும். இந்த எட்டுத் தட்டில் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் ஒன்பது, குடியரசு நாளில், பெரிய சதுக்கத்தில் முதல் வாசிப்பு. பாஸ்குவால் முதல் கார்னெட். அத்தான் நலம். நேற்று ஒத்திகையில் கேட்டேன், "இருபத்து நாலு வருஷமா எண்ணிக்கிட்டே இருக்கீங்களே அத்தான், அலுக்கலையா?" என்று. "மாப்ள, ஊதுறதுக்கு ஊர்ல ஆயிரம் பேரு. ஒழுங்கா எண்ணுறதுக்கு ஒருத்தன் வேணாமா?" என்றார். இசைத் தாளையே பார்க்காமல் சொன்னார். பாஸ்குவால் ஊதும் இடத்தை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார், விரல்கள் தானாக அசைகின்றன.

இப்படிக்கு, உடம்பு குறையில்லாத
எவாரிஸ்தோ

*

தலைநகர்
12 ஏப்ரல் 1857

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

விழா முடிந்தது. கூட்டம் அதிகம். ஜனாதிபதிக்குப் பிடித்திருந்தது. பாஸ்குவாலுக்குப் பல்லில் சீழ் பிடித்து அன்று வரவில்லை. கார்ப்பரல் நிக்கானோர் நலமாக இருக்கிறார்.

வேலை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

எவாரிஸ்தோ

*

சான் இலாரியோ
9 மே 1857

தம்பிக்கு,

ஆட்டுக்கொழுப்பு வேலை செய்கிறது. இரண்டு நாளாகக் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்குகிறேன். நீ சாப்பிடுகிறாயா? உன் கடைசிக் கடிதம் மெலிந்திருந்ததால் கேட்கிறேன்.

செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன். "கீதத்தின் நடுவே இசையமைப்பாளர் எட்டுத் தட்டு மௌனம் வைத்திருக்கிறார். பாலத்துப் போரில் இறந்தவர்களுக்கு அது அர்ப்பணம். டிரம் மட்டும் ஒலிக்க, சதுக்கம் முழுவதும் தொப்பியைக் கழற்றி நின்றது. ஜனாதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்" என்று போட்டிருக்கிறது. இனி நாடெங்கும் அப்படியே வாசிக்க வேண்டும் என்று ஆணையும் வந்துவிட்டதாம்.

மார்ச்சில் நீ எழுதியது கார்னெட். ஏப்ரலில் நடந்தது மௌனம். வகுப்பில் ஒரு பெண் கூட்டல் கணக்கில் விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால் நான் அடிக்க மாட்டேன். "விடை இருக்கட்டும் கண்ணு, வழி எங்கே?" என்று கேட்பேன். உன்னிடமும் அதையே கேட்கிறேன்.

இன்னொன்று. பதினெட்டு வருடமாக நீ அவரை அத்தான் என்றுதான் எழுதி வந்திருக்கிறாய். இந்த முறை கார்ப்பரல். அவரும் ஆறு வாரமாக எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

சுருட்டிய கருவாடு கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். பங்கு போட்டுச் சாப்பிடுங்கள்.

பதிலுக்குப் பொறுமையோடு காத்திருக்கும்
ஒத்தீலியா

*

தலைநகர்
20 ஜூலை 1857

அக்காவுக்கு வணக்கம்.

உடம்பு பரவாயில்லை. தாமதத்துக்கு மலைப்பாதை காரணம் என்று எழுதலாம். ஆனால் பாதை திறந்துதான் இருந்தது.

இதைக் கம்பளி வியாபாரி கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

அன்று காலை பாஸ்குவாலின் கன்னம் ரொட்டி போல வீங்கியிருந்தது. முதல் கார்னெட்டைக் கார்ப்பரலிடம் கொடுத்தேன். ஒவ்வொரு சுரமும் அவருக்குத் தெரியும், எனக்குக் கவலையே இல்லை. முதல் இரண்டு அடியையும் பாஸ்குவாலைவிடச் சுத்தமாக ஊதினார். பாட்டு நின்றது. டிரம் நடைபோட்டது. நான் கோலை அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் கார்னெட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு, நிம்மதியாக என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்து நாலு வருடமாக மற்றவன் தனியாக ஊதும் இடம் வந்தால் அவர் எண்ணுவார். அன்றும் எண்ணினார். ஊத வேண்டியவன் தான்தான் என்பது ஏழில்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் அதைப் பார்த்தேன். எட்டு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்துவிட்டோம்.

இதற்குள் முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றியிருந்தார். பக்கத்தில் இருந்தவரும் கழற்றினார். பிறகு சதுக்கம் முழுவதும்.

ஜனாதிபதியாகிய ஜெனரல் மேடையிலிருந்து இறங்கி நேரே வந்தார். "மாஸ்டர், அந்த நடு எடம் வேணும்னே வெச்சதா? இல்ல, எவனாச்சும் கோட்டை விட்டானா? உண்மையச் சொல்லு." கண் சிவந்திருந்தது, அழுததாலா கோபத்தாலா என்று தெரியவில்லை. பேண்டில் முப்பத்திரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். போன வருடம் அணிவகுப்பில் தவறான இடத்தில் ஊதிய டிராம்போன்காரனைக் காய்ச்சல் காட்டு எல்லைக் காவலுக்கு அனுப்பியது உனக்குத் தெரியும். நான்கு மாதத்தில் அவன் தொப்பி மட்டும் திரும்பி வந்தது.

"வேணும்னேதான் வெச்சேன், ஜெனரல்" என்றேன்.

அவ்வளவுதான் வழி. விடை உனக்கு ஏற்கெனவே தெரியும்.

பாஸ்குவால் புலம்புகிறான்: "எனக்குப் பல்லு வலிச்சதுக்கு நாட்டுக்கே வாயக் கட்டிட்டீங்களே மாஸ்டர்!" எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் கார்ப்பரலோடு ஆணைகளைத் தவிர வேறு பேசவில்லை.

கருவாடு வந்தது. அவர் பங்கை அவர் அறைக்கு அனுப்பிவிட்டேன்.

எவாரிஸ்தோ

*

சான் இலாரியோ
16 ஆகஸ்ட் 1857

என் தம்பிக்கு,

நான் நலம். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். எரியும்வரை பார்த்துக்கொண்டு நின்றதில் கஞ்சி அடிபிடித்துவிட்டது.

நீ ஜெனரலிடம் சொன்னதற்கு நான் உனக்கு என்ன எழுதுவது? மூன்று முறை பேனாவை மையில் தொட்டேன், மூன்று முறையும் மை காய்ந்துவிட்டது. அதை அப்படியே விடுகிறேன்.

அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. "நலம். ஒன்றும் கேட்காதே." கேட்கவில்லை. அக்டோபருக்கு இன்னும் பதினான்கு மாதம். அவர் நாற்காலிக்குப் புதிதாகப் பிரம்பு பின்னக் கொடுத்திருக்கிறேன். சீக்கிரம்தான், தெரியும்.

பள்ளியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டால் ஒரே பலகையில் உட்காரவைத்து ஒரே மைக்கூட்டைக் கொடுப்பேன். "மை வேணும்" என்று ஒருத்தி சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்கு நடுவில் வைக்க என்னிடம் மைக்கூடு இல்லை.

கம்பளித் துண்டு சுற்றிக்கொள்.
ஒத்தீலியா

*

தலைநகர்
15 நவம்பர் 1857

அக்காவுக்கு வணக்கம்.

சளி திரும்ப வந்திருக்கிறது, பெரிதாக இல்லை. உன் நலம் எழுது.

ஒரு விஷயத்தில் உன் கருத்து வேண்டும். கீதத்தைச் செப்புத் தகட்டில் வெட்டி அச்சடிக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறார். எல்லாத் தூதரகங்களுக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் அதுதான் போகும். தகடு வெட்டியபின் திருத்த முடியாது. கடைசிப் பிரதியில் நான் கையெழுத்திட வேண்டும்.

எட்டுத் தட்டும் இப்போது அரசாங்கப் பிரதியில், ஊத வேண்டாம் என்று காட்டும் வெறும் ஓய்வுக் குறிகளாக இருக்கிறது. அதில் என் கார்னெட்டைத் திரும்ப எழுதினால் "ஏன்?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால்தான் மாற்ற முடியும். சொன்னால் கார்ப்பரல் எல்லைக்குப் போவார். அவருக்கு இன்னும் பதினோரு மாதம் பாக்கி. பொய் சொன்னதற்கு என்னையும் ஏதாவது செய்வார்கள், அது கிடக்கட்டும்.

சொல்லாவிட்டால், நான் செய்ததில் நல்லது என்று எனக்கே தெரிந்த ஒரே விஷயம் இந்தக் காகிதத்தில் மட்டும் இருக்கும். எட்டுத் தட்டையும் கீழே எழுதியிருக்கிறேன். உனக்குச் சுரம் படிக்கத் தெரியும். பாடிப் பார்.

நீ அவருக்கு மனைவி, எனக்கு அக்கா. அதனால் உன்னைக் கேட்பது முறையில்லை. ஆனால் வேறு யாருக்கும் நடந்தது தெரியாது. தெரிந்த முப்பத்திரண்டு பேரும் என் கீழே வேலை செய்கிறவர்கள்.

எவாரிஸ்தோ

*

தலைநகர்
30 டிசம்பர் 1857

அக்காவுக்கு,

நலமா? பதில் வரவில்லை. தகட்டுக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். ஜனவரி முடியும்வரை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நேற்று கார்ப்பரல் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "மாஸ்டர், தகடு வெட்டப் போறாங்களாமே. சொல்லிடுங்க" என்றார்.

"எதச் சொல்லணும்?"

"கோட்டை விட்டது நாந்தான்னு. நான் எல்லைக்குப் போறேன். காய்ச்சல் எல்லாரையுமா கொண்டுபோகுது? ஒத்தீலியாவுக்கு நானே எழுதிக்கிறேன்."

மாப்ள என்று கூப்பிடுகிற வாய் மாஸ்டர் என்றது. நான் ஏதோ கேட்க நினைத்தேன். அதற்குள், "நாலு மணிக்கு அணிவகுப்பு, பொத்தானுக்கு மெருகு போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

எவாரிஸ்தோ

*

சான் இலாரியோ
10 ஜனவரி 1858

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டில் உன் மார்பு லேசாகட்டும். இங்கே நான் நலம்.

தாமதத்துக்கு நானும் பாதையைக் குறை சொல்லப் போவதில்லை. மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியவள் மனைவி, அவள் கெஞ்சியிருந்தாள். இரண்டாமவள் வாத்தியார், உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று எழுதியிருந்தாள். மூன்றாமவள் உன் அக்கா. அவள் எட்டுத் தட்டைப் பாடிப் பார்த்துவிட்டு அழுதாள், அதனால் காகிதம் நனைந்துவிட்டது. நீ பெருமைக்குச் சொல்லவில்லை. அதில் திருத்த ஒன்றும் இல்லை.

அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளில் எங்கள் துறைமுக பேண்டு, ஆறே பேர், உன் கீதத்தை வாசித்தார்கள். வாசிப்பு மோசம். மௌன இடம் வந்தது. டிரம்மும் கடலும் மட்டும். மீன்காரி, உன்னைத் திட்டினாளே அவள்தான், கூடையை இறக்கி வைத்தாள். அவள் அந்தக் கூடையைத் தேவாலயத்தில்கூட இறக்கி நான் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்காரன் பாலத்தில் போனவன்.

அவள் செய்தது உன் கார்னெட்டுக்குப் பதில் ஆகாது. அது எனக்குத் தெரியும்.

நீ எப்படிக் கையெழுத்திட்டாலும் உனக்கு என் கடிதம் நிற்காது. அவர் எல்லைக்குப் போனால் இரண்டு முகவரிக்கு எழுதுவேன்.

ஒத்தீலியா

*

தலைநகர்
18 பிப்ரவரி 1858

அக்காவுக்கு வணக்கம்.

சளி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய மூலிகைப் பொட்டலம் வந்தது, கசப்பு.

ஓய்வுக் குறிகளோடு கையெழுத்திட்டுவிட்டேன். தகடு வெட்டி முடித்தாயிற்று. கார்ப்பரல் அக்டோபரில் வருவார். பிரம்பு நாற்காலி தயாராக இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரருக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. உனக்காகவும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

கையெழுத்துக்கு முந்தின நாள் மதியம் ஒத்திகை அறைக் கதவைச் சாத்திவிட்டு, முழு பேண்டையும் உட்காரவைத்துப் பாஸ்குவாலிடம் எட்டுத் தட்டைக் கொடுத்தேன். ஊதினான். ஏப்ரல் விழாவுக்குப் பிறகு நான் அதைக் காதால் கேட்டது அதுதான் முதல்முறை. எழுதியபோது நினைத்தபடியே இருந்தது. இரண்டாம் நாற்காலியில் கார்ப்பரல் எண்ணினார், அந்த முறை அது அவர் வேலை.

முடிந்ததும் எல்லோரும் காலால் தரையைத் தட்டினார்கள். பேண்டில் அதுதான் கைதட்டு. டிரம்காரன் செவெரோ மட்டும் தட்டவில்லை.

"என்னடா, உனக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"அருமையா இருக்கு மாஸ்டர். ஆனா தொப்பிய எப்பக் கழட்டுறது?"

யாரோ சிரித்தார்கள். "நீ டிரம்மு அடிக்கிறவன், உனக்கு எதுக்குடா தொப்பி?" என்றான் பாஸ்குவால்.

"நான் கழட்டல. ஆனா என் ரெண்டு அண்ணனும் பாலத்துல போனவங்க. அந்த எட்டுல மனசுக்குள்ள அவங்க பேரச் சொல்லிக்குவேன். ஆளுக்கு நாலு தட்டு. இப்ப கார்னெட்டு வந்துட்டா, வேற எடம் கேக்கலாமான்னு பாத்தேன்."

வேறு இடம் இருக்கிறதா என்று தாளில் தேடினேன். உண்மையாகவே தேடினேன், அக்கா, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். இல்லை. பாஸ்குவாலின் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் முடியவில்லை. நிக்கானோரோடு பேச முடியவில்லை. கோபம் இல்லை, அது எப்போதோ போய்விட்டது. இரண்டு முறை கூப்பிட்டு அனுப்பினேன். வந்து நின்றார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே பொத்தானைப் பற்றியோ பூட்ஸைப் பற்றியோ பேசிவிடுகிறேன். அவர் "சரி மாஸ்டர்" என்று போய்விடுகிறார். பத்து மாதம் ஆகிறது. இதற்கு உன் பள்ளிக்கூடத்தில் ஏதாவது வழி உண்டா?

எவாரிஸ்தோ

*

சான் இலாரியோ
9 மார்ச் 1858

என் எவாரிஸ்தோவுக்கு,

நலம். மூட்டம் விலகிவிட்டது, முழங்கால் பேசுவதை நிறுத்திவிட்டது. கசந்தாலும் மூலிகையைக் குடி.

கையெழுத்தைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும், அதனால் எழுதவில்லை. உன் எட்டுத் தட்டுள்ள காகிதத்தைச் சட்டம் போடவில்லை. பாத்திரம் கழுவும்போது பாடுகிறேன், அவ்வளவுதான். அவர் வந்ததும் அவருக்கும் பாடிக்காட்டுவேன்.

வழி கேட்டாய், உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் நான் கேள்வி கேட்டதும் நானே பதிலையும் சொல்லிவிடுவேன். வகுப்பு அமைதியாக இருப்பது எனக்குப் பயம். என் பெண்கள் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் தொண்டை கட்டியிருந்ததால் கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். மூன்று எண்ணும்போது கெட்டிக்காரி கை தூக்கினாள். அவளை நான் கூப்பிடவில்லை. ஆறு எண்ணும்போது, இரண்டு வருடமாக வாயே திறக்காத மாக்சிமா தூக்கினாள். அவளுக்கு எப்போதும் பதில் தெரிந்திருக்கிறது. அவளுக்கு வேண்டியிருந்த நேரத்தை எல்லாம் நான்தான் பேசித் தீர்த்திருக்கிறேன்.

அவரை நிற்கவைக்காதே, எதிரே உட்காரச் சொல். கையில் தாள், கோல், பொத்தான் எதுவும் வேண்டாம். "அன்னைக்கு என்ன ஆச்சு அத்தான்?" என்று கேள். பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் எட்டு வரை எண்ணு.

ஒத்தீலியா